பயணச் செலவு

“இவர் உங்க வீட்டுல வாடகைக்கு இருந்தாரா?” என்று வரி அலுவலகத்துப் பெண் அதிகாரி அக்காவைக் கேட்டார்.

அக்கா சோப்பு நுரை வழியும் கையோடு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

தம்பிக்காரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றிருந்தான். வரிக் கணக்கை விசாரிக்க ஆள் வரப்போகும் விஷயத்தைப் போனில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நேரில் சொன்னால் நாலு திட்டு திட்டிவிட்டாவது ஒத்துக்கொள்வாள் என்று முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான். அதிகாரி இரண்டு நிமிடம் முந்திக்கொண்டார்.

“ஆமாங்க,” என்றாள் அக்கா.

அதிகாரி ஃபைலில் ஒரு டிக் போட்டார்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் அக்கா இருக்கும் ஊரில் புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் மாட்டும் வேலை ஏழு மாதத்துக்குக் கிடைத்தது. பெண்டாட்டி பிள்ளைகளைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்து அக்கா வீட்டில் பெட்டியை வைத்தான்.

வெளியூரில் தற்காலிக வேலை பார்த்தால் தங்கிய செலவு, சாப்பிட்ட செலவு, போய்வந்த செலவு எல்லாவற்றையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று கூட வேலை பார்த்த எலெக்ட்ரீஷியன்தான் காதில் போட்டான். ஊரே எழுதுகிறது, நீ மட்டும் என்ன பெரிய யோக்கியனா என்றும் கேட்டான்.

யோக்கியன் இல்லைதான். எழுதினான்.

முதலில் வாடகை. அக்கா ஒரு நாளும் கேட்காத வாடகை. மாமா தன் கட்டிலை மச்சானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, ஏழு மாதமும் ஹால் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு படுத்தார்.

அதிகாரி ரசீதை நீட்டி, கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். அது அவன் இடது கையால் போட்டது.

அக்கா காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். அவள் பெயர் அதில் எறும்பு மைக்குள் விழுந்து ஊர்ந்த மாதிரி இருந்தது. அவள் உதடு துடித்தது. சிரிப்பா கோபமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“என்னுதுதாங்க. கை ஈரமா இருந்திருக்கும்.”

இப்போதே உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அபராதத்தோடு விடமாட்டார்கள், லைசென்ஸையும் பிடுங்கிவிடுவார்கள். போதாததற்கு இப்போது அக்காவும் சேர்ந்து மாட்டுவாள். அப்படி நினைத்துக்கொள்வது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

அடுத்தது சாப்பாடு.

மாமா ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடைக்காரன் மீதிச் சில்லறையை ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டால், வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். மூன்று வேளைக்கும் காசு வாங்கினோம் என்று அக்கா சொன்னபோது அவர் பேப்பரை நாலாக மடித்து வைத்துவிட்டு எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

செவிட்டில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

கடைசியாக பஸ் செலவு. சனிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனதும் திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்பியதும்.

அப்போதுதான் அவன் தலையை நிமிர்த்தினான். மற்ற இரண்டும் பொய், ஒத்துக்கொள்கிறான். ஆனால் பஸ் பொய் இல்லை. டிக்கெட்டுகளை வாரவாரியாக வெள்ளைத்தாளில் பசை தடவி ஒட்டி வைத்திருந்தான், ஒன்றுகூட விடாமல். அக்காவை முந்திக்கொண்டு, ஒரு வாரம்கூடத் தவறாமல் போய்வந்தேன் மேடம் என்று கணீரென்று சொன்னான். காலையிலிருந்து முதல் தடவையாக அவன் குரல் அவனுக்கே பிடித்திருந்தது.

அக்கா அப்போது மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கையில் காய்ந்துபோன சோப்பைத் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அதிகாரி டிக்கெட்டுகளை எண்ணினார், திருப்தியாகத் தலையாட்டினார், ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். படியில் அவருடைய செருப்புச் சத்தம் ஓய்கிறவரை இருவரும் அசையவில்லை.

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தான். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். அவனுக்கு அந்த வீட்டில் இனி ஒரு வாய் இறங்காது. நேரமாகிவிட்டது என்று என்னவோ முனகினான்.

அவள் வற்புறுத்தவில்லை. உள்ளே போனாள். ஃப்ரிட்ஜுக்கு மேல் இருக்கும் தகர டப்பாவின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஓடிவிடலாம் என்று நினைத்தான்.

அக்கா வந்து, மடித்த நோட்டுகளை அவன் சட்டைப் பையில் வைத்தாள். ஏழு மாதமும் சனிக்கிழமை தவறாமல் வைத்த மாதிரியே வைத்து, கீழே விழுந்துவிடாமல் பையை ஒரு தட்டுத் தட்டினாள்.

“திரும்பி வர்றதுக்கும் சேர்த்துத்தாண்டா வெச்சிருக்கேன்.”