அட்டையில் வந்த கால்

செருப்புக்கடை சங்கரசுப்பு அண்ணாச்சியின் பொறுமை ஆறு டப்பா வரைதான் தாங்கும். அன்றைக்கு ஏழாவது டப்பாவைத் திறந்தே வெகுநேரம் ஆகியிருந்தது.

திறந்து போட்ட ஷூ டப்பாக்கள் மலையாகக் குவிந்துவிட்டன. அதற்குப் பின்னால் நின்ற விற்பனைப் பெண் மாலாவைக் காணவில்லை. குரல் மட்டும் வந்தது.

“அண்ணாச்சி, இதுக்கு மேல எடுக்கணும்னா நான் குடோன்லயே குடியிருக்கணும்.”

வந்தவன் பெயர் தாவூது. தேரடியில் ஆட்டோ ஓட்டுகிறவன். கேட்டது பெண்கள் போடுகிற, கனமில்லாத ஓட்டப் பந்தய ஷூ. காலுக்குரிய ஆள் வரவில்லை. கால் அளவுக்குக் கத்தரித்த காலண்டர் அட்டைதான் வந்திருந்தது.

ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் அந்த அட்டையை நுழைப்பான். ஓரம் மடங்கினால், “இறுக்குது, அண்ணாச்சி” என்பான்.

“அட்டைக்கா இறுக்குது? உம்மகிட்ட வாயத் தொறந்து சொல்லிச்சாவே?”

“அவுக காலு விரல் பக்கம் அகலம் ஜாஸ்தி. இடிக்கும்.”

“ஆளக் கூட்டிட்டு வாரும்! அட்டையா நடக்கப் போவுது?”

“அவுகளால வர முடியாது.”

அண்ணாச்சி விட்ட பெருமூச்சில் பில் புத்தகம் நாலு பக்கம் புரண்டது.

“சரி, இதுக்குப் பதில் சொல்லும். ஈரக் காலோட தரையில நின்னா பாதம் முழுசாப் பதியுதா, நடுவுல காணாமப் போவுதா? காணாமப் போனா குழிக் காலு, அதுக்கு மெத்துமெத்துன்னு இருக்கணும். முழுசாப் பதிஞ்சா தட்டைக் காலு, அதுக்கு உள்பக்கம் தாங்கிப் பிடிக்கணும். இல்லன்னா கணுக்கால் உள்ளுக்குச் சாயும்.”

“முழுசாப் பதியுது. பார்த்துட்டுத்தான் வந்தேன்.”

“அப்ப இதக் கொண்டு போம்!”

தாவூது ஷூவை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான்.

“கனக்குதே அண்ணாச்சி.”

“தாங்கணும், ஆனா கனக்கக் கூடாது! முன்னால அகலம் வேணும், பின்னால குதிகால் நழுவக் கூடாது! இது மனுஷக் காலாவே, வாத்துக் காலா? இப்படி ஒரு காலை நான் இந்த ஊருல கண்டதே இல்ல!”

“அந்தக் காலப் பத்தி மட்டும் பேசாதிய, அண்ணாச்சி.”

“ஏன், அந்த மகராசி எங்க ஓடப் போறாளாம்? ஒலிம்பிக்குக்கா?”

“கோயிலச் சுத்த.”

“ஆடிச்சுத்துக்கா!”

அண்ணாச்சி எழுந்தே விட்டார். ஆடித்தபசுக்குக் கொடியேறி, ஊரே வெறுங்காலோடு கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒற்றைக் காலில் தவம் நிற்கிற கோமதியம்மனின் கால்வலியில் ஆளுக்கொரு பங்கு வாங்கிக்கொள்கிற நாட்கள்.

“ஆத்தா ஒத்தக் கால்ல நிக்கா. இவளுக்குப் பஞ்சு வச்ச ஷூ கேக்குதோ? என்னயப் பாரும். நெஞ்சுவலியில பிழைச்சதுக்கு நேந்துக்கிட்டேன். தினமும் விடியக்காலம் வெறுங்காலோட சுத்திட்டு வந்துதான் கடையத் தொறந்தேன். நேத்தோட நூத்தெட்டுச் சுத்தும் முடிஞ்சாச்சு. முடியாதவளுக்கு வேண்டுதல் எதுக்குவே?”

தாவூது அட்டையை ஷூவிலிருந்து உருவினான்.

“அவுகளுக்குச் சுகரு அண்ணாச்சி. தார் ரோடு கொதிக்கிற மத்தியானத்துல சுத்துதாவ. உள்ளங்கால் கொப்புளிச்சு உடைஞ்சுட்டு. நான்தான் ஆட்டோவுல ஏத்திட்டுப் போயி வீட்டுல விடுதேன். இனியும் வெறுங்காலோட நடந்தா காலையே எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. நிப்பாட்டுங்கன்னா கேக்க மாட்டேங்காவ. ஷூவாவது போடுங்கன்னு கெஞ்சித்தான் இந்த அட்டையில ஏறி நிக்க வச்சேன்.”

“வீட்டுல புருஷன்னு ஒருத்தன் இல்லையா? எங்க போய்த் தொலைஞ்சான்? லாடம் அடிக்கிறவன்கூட மாட்டுக் காலத் தூக்கிப் பார்ப்பான்வே!”

டப்பா மலைக்குப் பின்னாலிருந்து மாலாவின் கை மட்டும் நீண்டு, ஒரு ஜோடியைக் கொடுத்தது. பூப்போல லேசாக இருந்தது. அட்டை உள்ளே போய்ச் சுருக்கமில்லாமல் படுத்துக்கொண்டது.

“இதுதான், அண்ணாச்சி. பில்லப் போடுங்க.”

“அப்பாடா! பஜார்ல வேற கடையே இல்லன்னா என் உசிர எடுக்க வந்தீரு?”

“வேற கடையில வாங்கினா உங்களுக்குத்தான் கௌரவக் குறைச்சலாம். இங்கனதான் வாங்கணும்னு சொல்லிட்டாவ.”

“எனக்கா? யாருவே அவ?”

“பேரச் சொல்லக் கூடாதுன்னாவ.” தாவூது ஷூவைப் பில் புத்தகத்தின் மேல் வைத்தான். “நீங்க இவ்வளவு பேசுனதுக்கப்புறம் எனக்குப் பொறுக்கல. வள்ளித்தாயக்கா. உங்க வீட்டுக்காரவுகதான்.”

மாலா கையிலிருந்த டப்பா நழுவி விழுந்தது.

“அவ எதுக்குச் சுத்துதா?” அண்ணாச்சி ஷூவைத் திருப்பிப் பார்த்தார். “நேந்தது நானுல்லா?”

“அவுக சுத்துறது உங்க சுத்துதான், அண்ணாச்சி. நீங்க சுத்த ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே, தைலம் தேய்ச்சு விடலாம்னு, நீங்க தூங்கும்போது உங்க காலை மடியில எடுத்து வச்சாவளாம். வெறுங்காலோட ரோட்டச் சுத்தி வந்த உள்ளங்கால், ஒரு கீறல்கூட இல்லாம பச்சப்புள்ள கால் மாதிரி இருந்துச்சாம்.”