இரண்டாவது டிரைவர்

நாற்பத்தொரு மணி நேரமாகச் செங்கோடன்தான் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். உச்சிவெயிலில் சோதனைச்சாவடி அதிகாரி படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தூரப் பயணத்துக்கு ரெண்டு டிரைவர் இருக்கணும்னு சட்டம். இன்னொரு டிரைவர் எங்கய்யா?"

இருக்கைக்குப் பின்னால் போர்வைக்குள் சுருண்டிருந்த உருவத்தை அவன் வழக்கம்போலக் காட்டினான். "இப்பதான் சார் அசந்தான்."

"எழுப்பு."

கைபேசி அலறியது. முதலாளி. "ஜிபிஎஸ்ல பாக்குறேன், ஏண்டா வண்டி நிக்குது? எதையாவது சொல்லிச் சமாளி. மாட்டுனா உனக்கு வேலையில்ல. அடுத்த லோடு காத்துக்கிடக்கு."

எரிகிற கண்களோடு செங்கோடன் அந்தப் போர்வையையே பார்த்தான். கொடுத்துவைத்த தூக்கம். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்வையை ஒரே இழுப்பில் உருவினான்.

"தலையணை சார். அவன் வேலைய விட்டு நாலு மாசமாச்சு. ஒத்தச் சம்பளத்துக்கு ரெண்டு ஆள் கேட்டா, தலையணைதான் சார் வேலைக்கு வரும்."