ஒழுகாமல் நின்ற குழாய்

நகராட்சித் தண்ணீர்த் தொட்டிக்குப் புதிதாக வெள்ளையடித்து, சாலையோரம் பிளீச்சிங் பவுடரில் கோடும் போட்டுவிட்டார்கள். ஊரின் பழைய குழாய்களை மாற்றப் பணம் போடலாமா என்று பார்க்க ஒரு கம்பெனிக்காரர் வருகிறார்.

தொட்டி தனக்குக் கீழே இருந்த இரும்புக் குழாயை மிரட்டியது. "தம்பி, அவர் போறவரைக்கும் ஒரு சொட்டு விழக் கூடாது. ஒழுகுற ஊருக்கு எவன் பணம் போடுவான்?"

"சரிண்ணே" என்றது குழாய். இடுப்பில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப்பை இறுக்கிக்கொண்டு மூச்சை அடக்கியது.

கம்பெனிக்காரர் வந்தார். தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். "எல்லாம் நல்லாத்தானே இருக்கு. எனக்கு இங்கே என்ன வேலை?" என்று காரை நோக்கி நடந்தார்.

குழாய் மேலே பார்த்துக் கிசுகிசுத்தது. "அண்ணே, அவர் போறாரே!"

"வாயைத் திறக்காதே!"

குழாயால் அதற்கு மேல் முடியவில்லை. டியூப் தெறித்தது. பீய்ச்சியடித்த தண்ணீரில் கம்பெனிக்காரர் தொப்பலாக நனைந்தார். எல்லாம் போச்சு என்று தொட்டி கண்ணை மூடிக்கொண்டது.

அவரோ முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அப்பாடா! வந்தது வீண் போகலை." டிரைவரிடம் அளவு டேப்பைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, குழாயின் பக்கத்திலேயே ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு குழாய் நிம்மதியாக மூச்சு விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"தம்பி... என் அடியிலயும் ஒரு விரிசல் இருக்கு. வெள்ளையடிச்சதுல தெரியலை. அவர் கிளம்புறதுக்குள்ளே கொஞ்சம் சத்தமாச் சொல்லேன்."