எல்லாவற்றுக்கும் வித்

“ ‘வெள்ளைக்காரனே பூட்டான், அவனோட ஆன், இன், அட் மட்டும் இன்னாத்துக்கு? எங்க சந்தேகம் வந்தாலும் வித் போட்டுடு’ன்னு இங்கிலீசு சொல்லிக்குடுத்த ஜாபர் வாத்தியார் சொன்னாரு, மாமு,” என்றான் ரஷீது, பெண்வீட்டு வாசலில் நின்றபடி.

காசிம் மாமு தலையில் அடித்துக்கொண்டார். “அந்தக் கிழவன் பேச்சையா கேட்டே? பொண்ணைப் பெத்த ஹபீபுல்லா பாய் முப்பது வருசமா ராயபுரத்துக்கு வர்ற கப்பல் கேப்டனுங்களோட இங்கிலீசுல பேசறவரு. இங்கிலீசு சரியில்லன்னு அஞ்சு மாப்பிள்ளையைத் தொரத்தினவரு. மலிகாவை மறந்துடு.”

“மறக்க முடியாது, மாமு,” என்று ரஷீது உள்ளே போனான்.

ஹபீபுல்லா நிமிர்ந்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் கப்பல் எங்கே என்று கேட்டார்.

“ஷிப் ஸ்டாண்டிங் வித் ஹார்பர்.”

கேப்டன் எப்போது வருகிறார் என்றார்.

“கேப்டன் கமிங் வித் மண்டே.”

திரைக்குப் பின்னால் மலிகாவின் வளையல் சத்தம் நின்றது. மாமு செருப்பைத் தேடினார்.

ஹபீபுல்லா எழுந்து வந்து ரஷீதை இறுகக் கட்டிக்கொண்டார்.

“யாருகிட்ட கத்துக்கினே, மாப்ளே?”

“ஜாபர் வாத்தியார்கிட்ட.”

“அதானே பார்த்தேன்! எனக்கும் அவருதான்.” அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். “முப்பது வருசமா பேசிகினு கீறேன். நான் பேசற இங்கிலீசு இன்னிக்குத்தான் ஒரு மனுசனுக்குப் புரிஞ்சிருக்கு!”