அறுபத்தோராவது பட்டறை

“அறுபத்தொரு சாயப்பட்டறையில உங்க ஒண்ணுலதான் அழுக்கு குறையவே இல்ல. வெட்கமா இல்லையா மாஸ்டர்?” என்று பொரிந்தாள் மின்லி. ஹாங்சோ பல்கலைக்கழகத்திலிருந்து அதைக் கேட்கவே வந்திருந்தாள்.

அந்தப் பட்டறையில் கழிவுநீரின் அழுக்கை அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்ளும் குவோ, ஃபிளாஸ்கைத் திறந்து வெந்நீர் குடித்தார். “டாக்டரம்மா ரொம்பக் கோபமா வந்திருக்கீங்க.”

“இன்னும் டாக்டர் ஆகல. ஆகவிடாம பண்றதே உங்க பட்டறைதான். அழுக்கைக் குறைச்ச கம்பெனிக்கு பேங்க் குறைஞ்ச வட்டியில கடன் தருது, அதனால எல்லாரும் சட்டத்தை மதிக்கிறாங்கன்னு நாலு வருஷமா ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். உங்க கணக்கு மட்டும் இடிக்குது. அதைத் தூக்கிடுன்னு புரொபசர் சொல்றாரு.”

“எங்க தண்ணி அழுக்குதாம்மா, ஒத்துக்கறேன். ஆனா எங்க கருவி சாக்கடையில இருக்கு.”

“பின்ன வேற எங்க இருக்கும்?”

குவோ அவளைப் பக்கத்துப் பட்டறையின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே கருவியின் முனை ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் கிடந்தது. வாளி நிறையக் குழாய்த் தண்ணீர்.

“டீ போடலாம், அவ்வளவு சுத்தம்,” என்றார் குவோ. “நான் இந்தச் சாக்கடை போய்ச் சேர்ற ஆத்தோரமா குடியிருக்கிறவன். என் கையால வாளி வைக்க மாட்டேன்னுட்டேன். அதான் எங்க முதலாளிக்கு மட்டும் அந்தக் கடன் கிடைக்கல.”

சாயங்காலத்துக்குள் மின்லி பதினோரு பட்டறைகளை எட்டிப் பார்த்துவிட்டாள். பதினோரு வாளிகள். உடனே புரொபசருக்கு போன் செய்தாள்.

“அந்த ஒரு பட்டறையைத் தூக்கிட்டியா?” என்றார் அவர்.

“அதை வச்சுக்கறேன் சார். மீதி அறுபதைத்தான் தூக்கணும்.”