மஞ்சள் துண்டு

மனைவிக்கு நெஞ்சுவலி வந்த அன்று எங்கள் ஆம்புலன்ஸ் பாலத்து நெரிசலில் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. கீழே ஆற்றில் ஒரு பயணிகள் படகு ஆஸ்பத்திரிப் பக்கம் போனது. ஜன்னல் வழியாக அவளுடைய மஞ்சள் துண்டை வீசி வீசிக் கூப்பிட்டேன். படகில் கயிற்றோடு நின்ற பாவி எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனான்.

"அப்போ ஏது மாமா படகு? அக்கா போய் நாலு மாசம் கழிச்சுத்தானே விட்டாங்க?" என்றான் மைத்துனன்.

இப்போது அந்தப் படகில்தான் எனக்குக் கயிறு கட்டும் வேலை. ஆஸ்பத்திரித் துறைக்குப் பதினோரு நிமிடம்தான்.

இன்று காலை பாலத்தை நெருங்கினோம். மேலே ஓர் ஆம்புலன்ஸ் நின்றது. ஜன்னலில் மஞ்சள் துண்டு ஆடியது.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே!"

"பாலத்துக்கு அடியில நிறுத்தினா என் வேலை போயிடும். உனக்குத் தெரியாதா?" என்றார் படகு டிரைவர்.

பாலத்துப் படிக்கட்டு வழியாக அவளை ஆற்றங்கரைக்கு இறக்கிக் கொண்டுவரச் சொல்லி, கையைத் தூக்கி ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

மேலிருந்து பார்த்தால் டாட்டா காட்டுவது போலத்தான் தெரியும்.