மணலில் ஒரு பனை

என் அண்ணன் ஞானசிகாமணி வரைந்த பட்டாளத்து வரைபடங்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மெசப்பொத்தேமியா மணலில் ஒரு கிணறுகூட அவன் கோட்டுக்குத் தப்பியதில்லை. இத்தனைக்கும் நாங்கள் பனையேறியின் பிள்ளைகள். சர்வே வேலைக்குப் போனபிறகும், லீவில் வந்தால் தாமிரபரணிக் கரையில் அவனே பனையேறிக் கலயம் கட்டுவான். பதனி கள்ளாகாமல் இருக்க உள்ளே சுண்ணாம்பு தடவுவதும் அவன்தான்.

1917இல் அவன் படமெடுக்க ஏறிப்போன ஏரோப்ளேன் அந்த மணலில் எங்கோ விழுந்தது. துரைமார் தேடிக் கைவிரித்துவிட்டார்கள்.

அதே சண்டையில் சிப்பாயாக இருந்த நான், அவன் முன்பு வரைந்த தாள்களைப் புரட்டினேன். அந்த நாட்டு மரம் பேரீச்சை. எல்லாத் தாளிலும் அதைத்தான் போட்டிருந்தான். ஒன்றில் மட்டும், வெறும் மணலின் நடுவே, விசிறி ஓலையோடு ஒரு பனை. புள்ளிகூடப் பிசகாத கை அது. அதை நம்பி அந்த இடத்துக்குப் போனேன்.

பாளையங்கோட்டை திரும்பியதும் அண்ணன் மனைவி சாலோமி மதினியிடம் சொன்னேன்.

"ப்ளேன் அங்கனதான் கெடக்கு மதினி. பக்கத்துல ஒத்தப் பனை. கலயம் கட்டியிருக்கு. சுத்துவட்டாரத்துல ஆளே இல்ல."

"பதனி குடிச்சியளா தம்பி?"

"குடிச்சேன்."

"சுண்ணாம்பு?"

"நாக்கு வெந்துபோச்சு மதினி."

ப்ளேன் விழுந்த சேதி வந்தபிறகு மதினி முதல்முறையாகச் சிரித்தாள்.

"அதுல மட்டும் அவுகளுக்கு அளவே தெரியாது."